லொக்கு அண்ணாச்சியின் தோணி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தொண்டையைச் செருமினார், கையிலிருந்த தாளை ஒரு பார்வை பார்த்தார், "ஏறுங்க ராசா" என்றார், லொக் லொக் என்று இருமினார், "நடுவுல எந்திரிச்சு நிக்காதீங்க, தோணி சாஞ்சிரும்" என்று முடித்தார். முடித்துவிட்டு, நன்றாக இருமினேனா என்று கேட்கிற மாதிரி கோமதியைப் பார்த்தார். நன்றாகத்தான் இருமினார், என்ன குறை! சாலிகிராமத்தில் இந்த டப்பிங் தியேட்டரில் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து இருமிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் அடிவயிற்றிலிருந்து இருமினார், ஒருவர் மூக்கால் இருமினார், சீரியல் மாமனார்களுக்கெல்லாம் குரல் கொடுக்கிற ஒரு பெரியவர் இருமி முடித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேவிட்டார், அதற்குக் கைதட்டல் வேறு. ஒவ்வொருவருக்கும் கோமதி பொத்தானை அழுத்தி, மைக்கில், "நன்றி சார், சொல்லி அனுப்பறோம்" என்றாள். பக்கத்து நாற்காலியில் ரிஸ்வான். அவள் கதை எழுதும் கேம் கம்பெனியின் தயாரிப்பாளர், நல்ல பையன், பொழுது சாய்வதற்குள் ஒரு குரலை முடிவு செய்தாக வேண்டும் என்று காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். "மேடம், இவரு ஓகேதானே? இருமல் அப்படியே ஒரிஜினல் மாதிரி இல்ல?" என்றான். ஒரிஜினலாம் ஒரிஜினல். இவனுக்கு என்ன தெரியும் பாவம், கம்பெனிக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, பழைய ஆட்கள் யாரும் இப்போது இல்லை, இருந்தவர்களும் வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரிஜினல் அவளுடைய அண்ணன் நயினார். ஒரிஜினலைச் சங்கரன்கோவிலில் எரித்து, தலைத் திவசமும் கொடுத்தாகிவிட்டது. "யோசிக்கலாம் ரிஸ்வான், இன்னொருத்தர் பாக்கி இருக்காரே" என்றாள் கோமதி, குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. ஏசி வேறு, சனியன், உள்ளங்கால்வரை சில்லிடுகிறது.

அண்ணன் குரல் ஆட்டத்துக்குள் போனதே ஒரு மறதியில்தான். அப்போது கம்பெனி என்று சொல்லிக்கொள்ள வடபழனியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. 'ஆழிக்கோட்டை' என்ற போன் கேமின் முதல் பாகம். கதையும் வசனமும் கோமதி, கோடிங் நயினார். பறிபோன கோட்டை, அதை மீட்கப் போகும் இளவரசன், வாள், குதிரை, வழக்கமான கூத்துத்தான். இளவரசன் ஆற்றைக் கடக்க ஒரு தோணிக்காரர் வேண்டும், அவருக்கு ஒரே ஒரு வசனம். நடிகர்கள் வந்து பேசும்வரை இடத்தை அடைத்துவைக்க ஆபீஸில் இருக்கிறவர்களே ஆளுக்கு ஒன்றாகப் பேசிப் போட்டுவைப்பது வழக்கம், சினிமாக்காரர்களைப் பார்த்து அதற்குப் பைலட் என்று பெயர், நிஜக் குரல் வந்ததும் பைலட்டைத் தூக்கிவிடுவார்கள். எல்லாருடையதையும் தூக்கினார்கள், நயினாருடையதை மட்டும் மறந்துபோனார்கள். தெருச் சத்தம் விழாமல் இருக்கப் போர்வையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு பேசினான், பக்கத்துக் கட்டடத்தில் சுவரைச் சுரண்டிய தூசி, பேச்சுக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது, கோமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, சிரிச்சுத் தொலையாத, உஞ் சிரிப்பும் சேந்து விழுந்துரும்" என்று போர்வைக்குள்ளிருந்து அதட்டினான். "இருமல் கெடக்கட்டும், பைலட்டுதானே, பொறவு மாத்திக்கிடலாம்." பொறவு! அந்தப் பொறவு வரவே இல்லை. ஆட்டம் வெளியே போய், பிள்ளைகள் ஆற்றங்கரைக்கு வந்து, ஆற்றைக் கடக்காமல், தோணிக்காரரைத் திரும்பத் திரும்பத் தட்டி இரும வைத்துச் சிரித்தார்கள். லொக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்தார்கள், பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நயினாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியாட்டி கோமு, உன் இளவரசனைச் சீண்ட ஆளில்ல, மவுசெல்லாம் எனக்குத்தான்." அதற்கப்புறம் பாகத்துக்குப் பாகம் அண்ணாச்சி வந்தார், பாகத்துக்குப் பாகம் நயினார் மைக் முன்னால் நின்று புதுசாக ஒரு வசனம் பேசி, எல்லாரும் கேட்டுக்கொண்டபடி இருமினான். முதல் இருமல் நிஜம். அடுத்ததெல்லாம் நடிப்பு. நடிப்பு எதுவரைக்கும்? அங்கேதான் அவளுக்குச் சிக்கிக்கொள்கிறது. நடுவில் ஏதோ ஒரு பாகத்தில் அது நடிப்பாக இல்லாமல் போயிருக்கிறது, பக்கத்தில் நின்றவள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தப் பாகம்? எல்லா ஃபைலையும் வரிசையாகப் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டாள், ஹெட்போனை அழுத்திக்கொண்டு, ஒரு தடவையா இரண்டு தடவையா. நான்காம் பாகத்தில் இருமி முடித்ததும் மூச்சை ஒரு இழுப்பு இழுக்கிறான், அது நடிப்பா? ஐந்தில் இழுக்கவில்லை. அப்படியானால் நான்கில் நடிப்பு. அப்படியானால் ஐந்தில் அடக்கிக்கொண்டானா? டாக்டர் சொன்னார், நுரையீரல் இறுகிப்போகிற நோய் இது, அவ்வளவு முன்னாடியெல்லாம் ஆரம்பித்திருக்காதும்மா, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க என்று. டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவள்தான் மறுபடியும் முதல் பாகத்துக்குப் போகிறாள், தூசி, போர்வை, சிரிப்பு. தூசிதானா அது? தூசியாக இருக்கட்டும் கடவுளே, அதுவாவது தூசியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி ஆள் வந்து மைக்கின் உயரத்தைச் சரிசெய்யும் சத்தம் கேட்கிறது, பெயர் பாக்கியநாதன், குண்டாக, சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்கிறார், கொடுக்கிறார்கள். இந்த லொக்கு அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு ஆட்டம் போடலாம் என்று சொன்னது வேறு யாருமில்லை, கோமதியேதான். வேண்டாத வேலை! தலைத் திவசம் முடித்து ஊரிலிருந்து திரும்பிய வாரம், மீட்டிங்கில் எல்லாரும் ஸ்பின்-ஆஃப் ஸ்பின்-ஆஃப் என்று கத்திக்கொண்டிருந்தார்கள், கோட்டையை எத்தனை தடவைதான் மீட்பது, அதன் கிளையாக ஒன்று வேண்டும் என்று. முன்பே இரண்டு கிளை விட்டுப் பட்டுப்போயிருந்தது. ஒன்று இளவரசனின் குதிரையை வைத்துப் பந்தயம், பழைய ஆட்டத்தையே லாடம் அடித்து ஓட்டிய கதை, ஒருவரும் சீந்தவில்லை. இன்னொன்று அரண்மனைச் சமையல்காரியை வைத்து, நல்ல யோசனைதான், ஆனால் அவள் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் இளவரசன் வந்து வாசலில் நின்றுவிடுவான், அவளும் கரண்டியைப் போட்டுவிட்டு அவனோடு சண்டைக்குப் போய்விடுவாள், பிறகு எதற்கு அவளுக்குத் தனி ஆட்டம்? கிளை என்றால் மூத்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடாதவன்கூட உட்கார்ந்து ஆட வேண்டும், கைக்கு வேறு வேலை வேண்டும், வாளைப் பிடித்த விரல் துடுப்பைப் பிடிக்க வேண்டும், அவசரப்பட்டால் தோணி கவிழ வேண்டும். இளவரசனே வந்தாலும் மற்றவர்களோடு வரிசையில் நின்று, ஆட்டுக்காரன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, கூலியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு மரியாதை. இதையெல்லாம் கோமதி மூச்சுவிடாமல் சொன்னாள், எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். உண்மையில் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. ரொம்ப நாளைக்கு முன்னால் நயினார் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தான். இளவரசன் கரையேறித் திரும்பிப் பார்க்காமல் போனதும் தோணிக்காரர் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் செய்ய மாட்டாரு, அவரே இருக்க மாட்டாரு" என்றான். "திரையில தெரியாத ஆளை மெமரியிலேர்ந்து தூக்கிரணும்ட்டி, இல்லன்னா போனு திணறும். நீ திரும்பி வந்தா மறுபடி உண்டாக்கிக்கிடலாம்." அப்போது, அட இவ்வளவுதானா என்று சிரித்தாள். இப்போது அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் முழு ஆட்டத்தையும் எழுதியிருக்கிறாள், இளவரசன் போன பிறகு அந்த மனிதர் என்ன செய்கிறார், எங்கே சாப்பிடுகிறார், யாரோடு சண்டை போடுகிறார், எப்போது தூங்குகிறார். ஒரு நல்ல கிளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கண்ணில் படாதபோது நயினார் என்ன செய்கிறான் என்று அவள் யோசிக்கவில்லையே. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று அவன் ஊருக்குப் போன பிறகு, இவள் போன் பண்ணினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று சத்தம் நின்றுவிடும், "எண்ணே, இருக்கியா? லைன் கட்டாயிட்டா?" என்று இவள் கத்துவாள், கொஞ்ச நேரம் கழித்து "இருக்கேன், சொல்லு" என்பான். ஊரில் டவர் சரியில்லை என்று நினைத்தாள். போனை மியூட்டில் போட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்திருக்கிறான். கடன்காரி, அதுகூடத் தெரியாமல் டவரைத் திட்டினாள்.

"மேடம், ரெடியாம்" என்றான் ரிஸ்வான். ரெடியா, ஆமாம், ரெடிதான், ஒரு நிமிஷம் ரிஸ்வான், கண்ணு கொஞ்சம் எரியுது. இருமலை வைத்தே ஆக வேண்டும் என்றவன் இவன்தான். "பழையதுலேர்ந்து எதையாவது ஒண்ணைக் கையோட கொண்டுவரணும் மேடம், இல்லன்னா யார் வீட்டுக் கல்யாணம்னு தெரியாது" என்றான். அதுவும் நியாயம்தான், அவளும் தலையை ஆட்டிவிட்டாள், இருமலைக் கொண்டுவருவது அண்ணனையே கொண்டுவருகிற மாதிரி அப்போது தோன்றியது. அம்மாவுக்கும் பிடிக்கும் என்று நினைத்தாள். அம்மாவுக்கு அந்த ஆட்டம் தெரியாது, வாளும் தெரியாது கோட்டையும் தெரியாது, காரியம் முடிந்து சென்னைக்குக் கிளம்புகிற அன்றைக்கு, "அவன் பேசுவான்லா அதுல, அதை எனக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போட்டி" என்றாள். கோமதி அம்மாவின் போனில் முதல் பாகத்தை ஏற்றி, இளவரசனை ஆற்றங்கரைவரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவைத்துவிட்டு வந்தாள், இனி அவன் எங்கேயும் போக வேண்டியதில்லை, அம்மா தோணிக்காரரைத் தொட்டால் போதும். தலைத் திவசத்துக்குப் போனபோது பார்த்தாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அம்மா தொடுகிறாள், "ஏறுங்க ராசா" என்கிறான் நயினார், அம்மா உடனே மறுபடி தொடுகிறாள், மறுபடி "ஏறுங்க ராசா", மறுபடி தொடுகிறாள். பேசும்போதே தொட்டால் பேச்சு அறுந்து முதலிலிருந்து தொடங்கும், அப்படித்தான் நயினார் செய்துவைத்திருந்தான். "ஏம்மா அவசரப்படுதே, கொஞ்சம் பொறு, முழுசாப் பேசட்டும்" என்றதற்கு, அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போதும்ட்டி, இவ்வளவு போதும்" என்றாள். வயசான விரல், நிதானமில்லை என்று இவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்துபோனாள். நிதானமில்லையா? அம்மாவுக்கா? பால் காய்ச்சினால் பொங்கும்வரை அடுப்படியை விட்டு நகராதவள், ரேஷன் கடை வரிசையில் காலையிலிருந்து நின்றாலும் முகம் சுளிக்காதவள், அவளுக்கா நிதானமில்லை? 'ராசா' முடிகிற இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில், விரல் போய் விழுகிறது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதற்கு அடுத்துதானே இருமல். ஐயோ. அம்மா இருமலை வெட்டுகிறாள். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு வருஷக் கணக்கில் அதை ராவும் பகலும் கேட்டவள் அவள்தானே, சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள் இல்லையே. பிள்ளை பேசினால் போதும், அவன் இரும வேண்டாம் அவளுக்கு. அந்த அம்மாவின் மகள் இங்கே ஏசியில் உட்கார்ந்துகொண்டு, யார் நன்றாக இருமுகிறார் என்று ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ரிஸ்வான், இருமல் வேண்டாம்" என்றாள். "எந்த இடத்துல மேடம்?" "எந்த இடத்துலயும். இந்த கேம்ல அவரு இருமவே மாட்டாரு." ரிஸ்வான் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "விளையாடாதீங்க மேடம். லொக்கு அண்ணாச்சின்னு சொல்லிட்டு லொக்கே இல்லன்னா பசங்க நம்மள ஓட்டியே கொன்னுடுவாங்க." "பேரை மாத்திடலாம். 'அண்ணாச்சி தோணி' போதும்." "இருமல் இல்லாட்டி அவரு யாருன்னே தெரியாது மேடம்!" "அவரு யாருன்னு காட்டத்தானே தனியா ஒரு கேம் எடுக்கறோம்? இருமல் பெரிய கேம்ல இளவரசன் காதுல விழுந்தது. இது அவரு வீடு, அவரு ஆறு. இங்க அவருக்கு உடம்பு நல்லா இருக்கட்டுமே ரிஸ்வான், என்ன இப்போ?" அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "எனக்கு நீங்க சொல்றது புரியுது. ஆனா நான் மேல போய் பதில் சொல்லணும். ஒரு ரீசன் குடுங்க." ரீசன் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது, ஒரே கேலியை ஆட்டம் முழுக்கக் கேட்டால் சலித்துப்போகும் என்று சொல்லலாம், கதை முன்காலத்தில் நடக்கிறது என்று சொல்லலாம், நல்ல கிளை எதை எடுக்க வேண்டும் எதை விட வேண்டும் என்று இன்னொரு மீட்டிங்கே போடலாம். வாயைத் திறந்தபோது வந்தது அதெல்லாம் இல்லை. "அது எங்க அண்ணன் குரல். பேரு நயினார், முதல் பாகத்துலேர்ந்து கோடிங் பண்ணவரு. நுரையீரல் போய்த்தான் செத்தாரு. அந்த இருமல்லதான் செத்தாரு." தியேட்டர் சவுண்ட் இன்ஜினியர் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். ரிஸ்வான் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "அல்லாவே" என்றான் மெதுவாக. "காலைலேர்ந்து இத்தனை பேரை இரும வெச்சுட்டு உக்காந்திருக்கேனே மேடம். ஆபீஸ் லிஃப்டுல நான் தினம் இருமிக் காட்டுவேனே, நீங்களும் கூடவே நின்னுட்டு இருப்பீங்களே." "உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள் கோமதி. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம் மேடம், இருமல் வேண்டாம். மேல நான் பேசிக்கறேன்" என்றான். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இதை முன்பே சொல்லியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும்.

கோமதி மைக் பொத்தானை அழுத்தினாள். "சார், தாள்ல இருமல்னு போட்டிருக்குல்ல, அதை எடுத்துடுங்க. இவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. காலைல எழுந்து, வயிறாரச் சாப்ட்டுட்டு, தெம்பா தோணியைத் தள்ளிட்டு வந்து நிக்கறாரு. முதல் ஆள் கரைக்கு வருது. அவ்வளவுதான்." பாக்கியநாதன் கண்ணாடி வழியாகக் கையை விரித்தார். "நல்லா இருக்கும்மா கதை! நேத்து பூரா வீட்டுல இருமிப் பழகிட்டு வர்றேன், எஞ் சம்சாரம் பயந்துபோய் கஷாயமே வெச்சுக் குடுத்துட்டா." எல்லாரும் சிரித்தார்கள், கோமதிக்கும் சிரிப்பு வந்தது. அவர் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தாளைக் கீழே வைத்தார், கொஞ்சம் முன்னால் குனிந்து, யாரையோ கைகொடுத்து ஏற்றுகிற மாதிரி, "ஏறுங்க ராசா" என்றார். கோமதியின் காது அந்த இடத்தில் போய் நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், நிற்காமல் என்ன செய்யும்? நெஞ்சுகூட ஒரு இழுப்பு இழுத்துத் தயாராகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. "நடுவுல எந்திரிச்சு நிக்காதீங்க, தோணி சாஞ்சிரும்" என்று வசனம் பாட்டுக்கு ஓடிப்போய் மறுகரை சேர்ந்துவிட்டது. நல்ல குரல், சாப்பிட்ட குரல், இன்னும் ரொம்ப வருஷம் தோணி விடுகிற குரல். யாரோ ஒரு மனிதர். அவளுக்கு இந்த ஆளைத் தெரியாது. இதைத்தானே கேட்டாள், கேட்டது கிடைத்துவிட்டதே, ஆட்டத்துக்கு இதைவிடச் சரியான குரல் ஊரெல்லாம் தேடினாலும் அகப்படாதே, பிறகு ஏன் காது இன்னும் அங்கேயே நிற்கிறது? இருமலை எடுத்துவிட்டால் உள்ளேயிருந்து அண்ணன் சுகமாக எழுந்து வருவான் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாளா, பைத்தியக்காரி? இருமிக்கொண்டிருந்த வரைக்கும் இருந்தான். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் தப்புத் தப்பாக இருமினார்களே, அந்தத் தப்புக்குள்கூட அவன் கொஞ்சம் இருந்தான், இவர் அவன் இல்லை, இவரும் அவன் இல்லை என்று சொல்லவாவது இருந்தான். இப்போது சுகமாகிவிட்டது, ஆள் இல்லை. "சரியா வந்துச்சாம்மா?" என்று பாக்கியநாதன் கேட்டார். "வந்துச்சு சார்" என்றாள். "நீங்கதான் சார் இனிமே அண்ணாச்சி." சொல்லிவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எண்ணே எண்ணே என்று வாய்விட்டு அழுதாள். ரிஸ்வான் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் ஹெட்போனைக் கழற்றவில்லை, அவள் அழுது முடிக்கட்டும் என்று அப்படியே நின்றுகொண்டிருந்தார்.